இடப்பக்கத்துக் கேள்விகள்

‘முள்முருங்கை’ என்ற கையெழுத்து இதழ் மாதம் ஒருமுறை வரும். ஒரே ஒரு பிரதி. பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டை ஒட்டித் தையல் கடை வைத்திருந்த ராசாங்கம்தான் அதற்கு ஆசிரியர், எழுத்தர், ஓவியர் எல்லாம். உறுப்பினர்கள் கொடுக்கும் கதை, கவிதைகளை வெள்ளைத் தாளில் தம் கையாலேயே அழகாக எழுதுவார். பிறகு அத்தனை தாளையும் அடுக்கித் தையல் மெஷினில் வைத்து முதுகில் ஒரு தையல் ஓட்டிவிடுவார். அவ்வளவுதான், இதழ் தயார்.

உறுப்பினர்கள் பதினைந்து பேர். ஆளுக்கு இரண்டு நாள். அட்டையின் உள்பக்கத்தில் ஒட்டிய பட்டியல்படி ஒரு கையிலிருந்து அடுத்த கைக்குப் போகவேண்டும். வாலிகண்டபுரத்து வாத்தியார் ஒருவர், வரதராஜன்பேட்டையில் உரக்கடைக்காரர் ஒருவர், அரியலூர் ரயில்வேயில் ஒருவர் என்று இதழ் பஸ் ஏறி ஊர் ஊராகச் சுற்றி வரும்.

ராசாங்கம் வலப்பக்கத்தில் மட்டுமே எழுதுவார். இடப்பக்கம் காலியாக இருக்கும். அது படிப்பவர்களுக்கு. கதையில் எது நிற்கிறது, எது நிற்கவில்லை என்று அங்கே பென்சிலால் எழுதலாம். பெயர் போடக் கூடாது. ‘அருமை’, ‘நன்று’ என்றெல்லாம் எழுதினால் அவரே ரப்பரால் அழித்துவிடுவார். எழுதியவர் அந்தக் குறிப்புகளைப் பார்த்துக் கதையைத் திருத்திக் கொடுத்தால், திருத்திய கதை பின்னால் வரும் இதழில் வரும். அப்போது பழைய பக்கங்களையும் பிரித்தெடுத்து அதோடு சேர்த்துத் தைத்துவிடுவார். எது எப்படி மாறியது என்று எல்லாரும் பார்க்க வேண்டுமாம்.

வேம்பு அதில் பதினோராவது உறுப்பினர். பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி. அரியலூர்ப் பக்கம் ஒரு சுண்ணாம்புக்கல் சுரங்கத்தின் சோதனைக்கூடத்தில் வேலை. பெரம்பலூரிலிருந்து தினமும் பஸ்ஸில் போய்வருவாள். நாலு பேர் கூடிய இடத்தில் வாயைத் திறக்க மாட்டாள். பஸ்ஸில் கண்டக்டர் மீதிச் சில்லறை தரவில்லையென்றால் பேசாமல் இறங்கிவிடுவாள். ஆனால் கையில் பென்சில் இருந்தால் அவள் வேறு ஆள். ‘கதாநாயகி அழுதாள் என்று நான்கு இடத்தில் வருகிறது. அவள் என்ன செய்தாள் என்று ஓரிடத்திலும் இல்லை’ என்று ஒருமுறை எழுதினாள். எழுதியவர் அந்தக் கதையை அடியோடு மாற்றி எழுதினார். நன்றாகவும் வந்தது. அதைப் பார்த்து அவளுக்கு இரண்டு நாள் மனசு குளிர்ந்திருந்தது.

பத்தாவது உறுப்பினர் தையல் கடையில் விட்டுப்போன ஆடி மாத இதழை வாங்கி வந்த சாயங்காலம், விளக்கைப் போட்டுக்கொண்டு படிக்க உட்கார்ந்தாள். பாதியில் ‘கல்’ என்ற கதை வந்தது. எழுதியவர் வெள்ளாற்றான். வைகாசி இதழில் வந்த கதைதான். இப்போது திருத்தி வந்திருந்தது.

வைகாசியில் அதைப் படித்தபோது அவளுக்குச் சிரிப்புதான் வந்தது. ஏதோ ஒரு மலை. மாறன் என்று ஒரு தொழிலாளி. வெடி வைத்த இடத்தில் இறங்கிக் கல் சிதறிச் செத்துப்போகிறான். நிலவு அழுகிறது, காற்று அழுகிறது, கடைசியில் கல்லும் அழுகிறது. ‘இது ஊருக்கு வெளியே போகாத எந்த வாத்தியாரோ’ என்று நினைத்துக்கொண்டு எதிர்ப்பக்கத்தில் ஒன்பது கேள்வி எழுதினாள். என்ன மாதம்? எத்தனை குழியில் வெடி வைத்தார்கள்? எத்தனை சத்தம் கேட்டது? எண்ணியது யார்? இப்படி. ஏழாவது கேள்வி: ‘வெடி முடிந்தது, இறங்கலாம் என்று நீளச் சங்கு ஊதுவார்கள். அதை எப்போது ஊதினார்கள்? கேட்டது யார்?’ அதை எழுதும்போது பென்சில் கொஞ்சம் நின்றது. ஏன் என்று அவள் தன்னையே கேட்டுக்கொள்ளவில்லை.

இப்போது கதையில் மலை இல்லை. நிலவு இல்லை. மாசி மாதம். ஏழு குழி. ஆறு சத்தம். எண்ணிக்கை எழுதும் மேஸ்திரி அன்றைக்கு மெட்ராஸிலிருந்து வந்த பெரிய அதிகாரிக்கு இளநீர் வெட்டப் போயிருந்தார். அதிகாரி பள்ளத்தைப் பார்க்க வேண்டும், கார் வெயிலில் நிற்கிறது என்று சங்கைச் சீக்கிரம் ஊதச் சொன்னார்கள். சங்கு கேட்டுத்தான் மாறன் இறங்கினான். ஏழாவது குழி அதற்கப்புறம் வெடித்தது. விசாரித்த மேனேஜர் காகிதத்தில் மட்டும், சங்கு ஊதுமுன்பே அவசரப்பட்டு இறங்கினான் என்று எழுதிக்கொண்டார்.

வேம்பு கடைசி வரிவரை ஒரே மூச்சில் படித்தாள். நல்ல கதை என்று முதலில் தோன்றியது. தோன்றிய மறு நொடியே ‘ஏழு குழி, ஆறு சத்தம்’ என்ற வரிக்குத் திரும்பிப் போனாள்.

இது மாறன் இல்லை. வீரமுத்து. அவளுடைய சுரங்கத்தில், அவளுடைய ஜன்னலுக்கு வெளியே, ஐந்து மாதத்துக்கு முன்னால் செத்துப்போனவன்.

பின்னால் புரட்டினாள். பழைய பக்கங்கள் அப்படியே இருந்தன. ஒன்பது கேள்விகளும் அவள் கையெழுத்தில், ஒன்றின்கீழ் ஒன்றாக, பரீட்சைத்தாள் மாதிரி. கதை ராசாங்கத்தின் எழுத்தில் இருந்தது. எழுதியவன் யாரென்று அதை வைத்துச் சொல்ல முடியாது. கேள்வி கேட்டவள் யாரென்று சொல்லிவிடலாம். சுரங்கத்திலிருந்து போகும் ஒவ்வொரு மூட்டைச் சீட்டிலும் ஒவ்வொரு ரிப்போர்ட்டிலும் அந்த எழுத்துதான்.

பயந்துபோய், அடுத்து யார் கைக்குப் போகிறது என்று அட்டையைத் திறந்து பார்த்தாள். பன்னிரண்டாவது இடத்தில் இருந்த பழைய பெயரின் மேல் புதிதாக ஒரு துண்டுத்தாள் ஒட்டியிருந்தது. திரு. அரங்கநாதன், மேனேஜர். அவளுடைய மேனேஜர்.

“என்னாடி, பேயறைஞ்சாப்ல ஒக்காந்திருக்க?” என்றாள் அம்மா செல்வம்மாள், சோற்றுத் தட்டை வைத்தபடி.

“ஒண்ணுமில்லம்மா.”

“ஒண்ணுமில்லாததுக்கா கண்ணு ரெண்டும் இப்புடி முழிக்கிது? ஆபீஸ்ல யாராச்சும் எதாச்சும் சொன்னாங்களா? சொன்னா சொல்லிட்டுப் போறாங்க. நீ வாயத் தொறக்காத. நம்ம சனத்துல காத்தாடிக்குக் கீழ ஒக்காந்து வேல பாக்குறது நீ ஒருத்திதான்.”

வேம்பு இதழைப் பைக்குள் வைத்தாள். பாதிச் சோற்றை அப்படியே மூடி வைத்துவிட்டுப் படுத்தாள்.

மறுநாள் காலை பஸ்ஸுக்கு அரைமணி முன்னால் தையல் கடைக்குப் போய் நின்றாள். ராசாங்கம் அப்போதுதான் கடையைத் திறந்து மெஷினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார்.

“வாம்மா. அதுக்குள்ள படிச்சிட்டியா?”

“அண்ணே, அந்தப் பன்னெண்டாம் நம்பரு…”

அவர் முகம் மலர்ந்தது. “பாத்தியா? ஆபீசரும்மா! பேண்ட் தைக்க வந்தாரு. மேசையில கெடந்தத எடுத்துப் பொரட்டிப் பாத்துட்டு, நானும் எழுதுவேன்யான்னாரு. அடுத்த நாளே கவிதையோட வந்துட்டாரு. உனக்கு அடுத்தாப்லயே போட்டுட்டேன். ரெண்டு பேருக்கும் ஒரே எடம்தானே? கையோட குடுத்துரலாம்ல. வேம்பு கொண்டாந்து குடுக்கும்னு நேத்தே சொல்லிப்புட்டேன்.”

வேம்பு ‘கல்’ கதையைத் திறந்து அவர் முன்னால் வைத்தாள்.

“இதுக்கென்ன? நல்லா வந்திருக்கு. உன் கேள்விதான் காரணம்.”

“இது கதை இல்லண்ணே. எங்க மைன்ஸ்ல நடந்துது. மேனேஜரு அதுல வராரு.”

ராசாங்கம் எண்ணெய்க் குப்பியைக் கீழே வைத்தார். தாம் கைப்பட எழுதிய பக்கங்களை முதல் தடவையாகப் பார்ப்பவர்போல விரலை ஓட்டிப் படித்தார். படித்து முடித்ததும் தெருவை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு, மேசையில் கிடந்த பிளேடைக் கையில் எடுத்தார்.

“ரெண்டு நிமிசம். இதப் பிரிச்சு எடுத்துட்டு மறுபடி ஒரு தையல். ஆருக்கும் தெரியாது.”

அவளுக்கு உயிர் போய் உயிர் வந்தது. பிளேடு நூலைத் தொட்டது. தொட்ட இடத்தில் நின்றது.

“எழுதுனவனக் கேக்காம எப்புடிம்மா பிரிக்கிறது?” என்றார். அவர் குரலும் இறங்கியிருந்தது. “ஒரு வரிய எடுக்குறதுன்னாலும் கேட்டுத்தான எடுப்பேன்.”

“யாருண்ணே எழுதுனது?”

“சொல்லக் கூடாது.” பிளேடைக் கீழே வைத்தார். “உங்க மைன்ஸ் ஆளுதான். அங்கமுத்து. குழி போடுற மெஷின்ல நிக்கிறான்ல, அந்தப் பையன்தான். பட்டியல்ல பேரு போட வேணாம்னான், இங்க கடையில வந்துதான் படிப்பான். அவன ஒரு வார்த்த கேட்டுக்க. வேணாம்னு சொன்னான்னா சாயங்காலம் கொண்டா, பிரிச்சுப்புடலாம். அதுக்குள்ள அந்தாளு கேட்டா… எதாச்சும் சொல்லிச் சமாளி.”

சமாளிப்பது அவளுக்கு வராத ஒன்று. பஸ்ஸில் பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டே போனாள். பக்கத்தில் இருந்த பெண், உள்ளே கோழிக்குஞ்சு ஏதாவது இருக்கிறதா என்று கேட்டாள்.

ஒன்பதரை மணிக்கு மேனேஜர் அரங்கநாதனே சோதனைக்கூடத்துக்குள் வந்துவிட்டார். மாதத்துக்கு ஒருமுறை வந்தாலே அதிகம்.

“என்னம்மா, புத்தகம் வந்துடுத்தாமே?”

“வந்துருச்சுங்க சார்.”

“எங்கே?”

பை மேசைக்கடியில் அவள் காலைத் தொட்டுக்கொண்டிருந்தது. “இன்னும்… படிச்சு முடிக்கலைங்க சார்.”

“அதனாலென்ன, நிதானமாப் படிங்க. மத்தியானம் குடுத்தாப் போதும்.” போகத் திரும்பியவர், மேசையில் விரித்துக் கிடந்த பதிவேட்டைக் குனிந்து பார்த்தார். “உங்க எழுத்து அச்சுக்கோத்த மாதிரி இருக்கும்மா. ஆபீஸ் கிளார்க்குகளுக்கெல்லாம் காட்டணும்.”

அவர் போன பிறகு அவள், குடுவைக்குள் கரைசல் சொட்டும் கண்ணாடிக் குழாயான பியூரெட்டைத் திறந்தாள். குடுவையில் இளஞ்சிவப்பு நீலமாகும் சொட்டில் மூட வேண்டும். அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். நீலமாகி வெகுநேரம் ஆன பிறகுதான் மூட வேண்டும் என்பது நினைவுக்கு வந்தது. கொட்டிவிட்டு மறுபடி ஆரம்பித்தாள். மறுபடியும் தவறவிட்டாள்.

பதினொரு மணிக்கு அங்கமுத்து சாம்பிள் பைகளோடு வந்தான். இருபத்தைந்து வயசிருக்கும். புருவமெல்லாம் வெள்ளைத் தூசு. தினமும் வந்து பைகளை மூலையில் வைத்துவிட்டுப் போகிறவன். அவனோடு அவள் இதுவரை பத்து வார்த்தைகூடப் பேசியதில்லை.

“அங்கமுத்து, கொஞ்சம் நில்லுங்க.” கதவைச் சாத்திவிட்டு வந்தாள். இதழை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

அவன் இதழைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். சிரித்தான்.

“நீங்கன்னு வைகாசியிலயே தெரியும்ங்க. பையில கட்டுற சீட்டுல இருக்குற அதே எழுத்து.”

“ஏன் சொல்லல?”

“பேரு சொல்லக் கூடாதுன்னு ரூல் இருக்குல்லீங்க.”

“அடுத்த நம்பரு யாருன்னு பாத்தீங்களா?” அட்டையைத் திறந்து காட்டினாள்.

அவன் பெயரைப் படித்தான். சிரிப்பு போய்விட்டது. மெதுவாக ஒரு மூட்டைமேல் உட்கார்ந்தான். வெளியே துளை போடும் மெஷின் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது. தலையை நிமிர்த்தி, “கதை எப்புடிங்க வந்துருக்கு?” என்றான்.

அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. “வேலை போயிரும் அங்கமுத்து. உங்களுக்கும் போயிரும், எனக்கும் போயிரும்.”

“அது தெரியுதுங்க. கதையக் கேட்டேன்.”

இதைக் கேட்கவா ஒரு மனுஷன் மூட்டைமேல் உட்கார்ந்திருக்கிறான் என்று நினைத்தாள். ஆனால் கதை என்று வந்ததும் அவளால் சும்மா இருக்க முடியவில்லை. பக்கத்தைத் திறந்தாள்.

“எல்லா எடத்துலயும் நிக்கிது. ஒரு எடத்துல நிக்கல. இங்க பாருங்க. ‘சங்கு ஊதியதை யாரோ கேட்டார்கள்.’ மத்த எட்டுக் கேள்விக்கும் பதில்ல ஆளு இருக்கு. மேஸ்திரி இருக்காரு, இளநீ இருக்கு, காரு இருக்கு. இங்க மட்டும் யாரோ. படிக்கிறவங்க இந்த எடத்துல வெளிய வந்துருவாங்க. அப்பறம் இளநீயயும் நம்ப மாட்டாங்க.”

“எனக்கும் தெரியும்ங்க. அந்த வரி எழுதி எழுதி நாலு தாளக் கிழிச்சேன்.” அவன் புருவத்தைத் துடைத்தான். தூசு கண்ணில் இறங்கியது. “நான் மெஷின் பக்கத்துல நின்னேன். சத்தத்துல எனக்குச் சங்கு கேக்கல. கேட்டவங்க இருக்கணும்ல? அஞ்சு மாசமா ஒவ்வொருத்தராக் கேட்டுப் பாத்துட்டேன். பதினேழு பேரு. எல்லாரும் ஒரே வார்த்தையத்தான் சொல்றாங்க. கவனிக்கல. கவனிக்கல. சொல்லிக்குடுத்த மாதிரி.”

வேம்பு பியூரெட்டைப் பார்த்தாள்.

“வீரமுத்து அண்ணன் சம்சாரம் பச்சையம்மா அக்கா வூட்டுக்குப் போகவே சங்கடமா இருக்குங்க. ‘உம் புருசன் அவசரப்பட்டு இறங்குனான், அதான் போயிட்டான்’னு ஊரே அவுங்கள்ட்டச் சொல்லுது. பள்ளிக்கூடத்துல பயலுக்கு அவசரக்காரன் மவன்னு பேரு வெச்சுட்டாங்களாம். வீரமுத்து அண்ணன் சோத்தக்கூட அவசரமாத் தின்னதில்லீங்க. நாங்கள்லாம் கையக் கழுவிட்டு வந்து நிப்போம், அவரு அப்பத்தான் ரசத்துக்கு வருவாரு.”

அவன் எழுந்தான். “நீங்க பயப்படாதீங்க. பென்சில்லதான எழுதியிருக்கீங்க? அந்தக் கேள்விய மட்டும் அழிச்சுடுங்க. பதில் இருந்துட்டுப் போவுது. உங்க பேரு எதுலயும் வராது.”

“உங்க பேரு?”

“வீரமுத்து அண்ணன்கூட மெஷின்ல நின்னவன் நான் ஒருத்தன்தான். மேனேஜரு என்னா சின்னப்புள்ளையா, கண்டுபுடிக்க மாட்டாரா?”

“டைலரண்ணன் பிரிச்சு எடுத்துடறேன்னு சொல்றாரு. நீங்க சரின்னா சாயங்காலமே…”

“வேணாங்க.” கதவு வரைக்கும் போய் நின்றான். “எனக்கும் பயமாத்தான் இருக்கு. நேத்து மேஸ்திரி சும்மா பேரு சொல்லிக் கூப்புட்டதுக்கே டீ கிளாசக் கீழ போட்டுட்டேன். ஆனா போவட்டும்ங்க. ஒருத்தராவது முழுசாப் படிக்கட்டும்.”

அவன் போய்விட்டான். வேம்பு ரப்பரை எடுத்தாள்.

முதல் கேள்வியை அழித்தாள். எழுத்து போனது, பென்சில் அழுந்திய பள்ளம் போகவில்லை. சாய்த்துப் பிடித்தால் படிக்கலாம். இன்னும் அழுத்தித் தேய்த்தாள். தாள் நைந்தது. இரண்டாவதை அழித்தாள். மூன்றாவது, நான்காவது என்று ஆறு வரை போனாள். வராந்தாவில் யார் நடந்தாலும் கை நின்றது. ஏழாவதுக்கு வந்தபோது அதைப் படித்தாள். அவளே எழுதிய கேள்வி. அதை எப்போது ஊதினார்கள்? கேட்டது யார்?

விசாரணை நடந்த அன்று மேனேஜர் ஒவ்வொருவராக உள்ளே கூப்பிட்டார். அவள் முறை வந்தபோது அவர் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. ‘நீளச் சங்கு, வெடிக்கு முன்னாடியா பின்னாடியா?’ என்று கேட்டார். பக்கத்தில் மேஸ்திரி நின்றார். மேஸ்திரி அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள், ‘கவனிக்கலைங்க சார்’ என்றாள். அவர் ஏதோ ‘டிக்’ போட்டார். அரை நிமிஷம் ஆகவில்லை. வெளியே வந்து தண்ணீர் குடித்தாள்.

அங்கமுத்து அவளை மட்டும் கேட்கவில்லை. சோதனைக்கூடத்துப் படித்த பெண்ணிடம் போய்க் கேட்கலாம் என்று அவனுக்குத் தோன்றியிருக்காது. அல்லது, கேள்வி எழுதியவளுக்குப் பதில் தெரிந்திருக்கும் என்று நினைத்திருக்க மாட்டான்.

ரப்பரைக் கீழே வைத்தாள். பென்சிலைச் சீவினாள். முதலில், ‘இந்த இடத்தில் யாராவது ஒரு பெண் கேட்டதாக எழுதலாம்’ என்று எழுதினாள். பார்த்தாள். அசிங்கமாக இருந்தது. அழித்தாள். தனக்குத் தெரிந்த ஒரே விதத்தில், ரிப்போர்ட் எழுதுவதுபோல எழுதினாள்.

‘கேட்டது நான். பிப்ரவரி 24, பகல் பன்னிரண்டு நாற்பது. சோதனைக்கூடத்தின் தெற்கு ஜன்னல் திறந்திருந்தது. நீளச் சங்கு ஒருமுறை ஊதி நின்றது. அப்போது நான் பியூரெட்டில் சொட்டு எண்ணிக்கொண்டிருந்தேன். சங்கு நின்ற பிறகு நாற்பத்திரண்டு சொட்டு விட்டேன். இரண்டு நொடிக்கு ஒரு சொட்டு. அதற்கப்புறம் ஒரு வெடி. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்ததில் கை தவறிவிட்டது. அந்த அளவை அடித்து மறுபடி எடுத்திருக்கிறேன். பதிவேட்டில் இருக்கிறது. விசாரணையில் கவனிக்கவில்லை என்று சொன்னேன். கவனித்தேன்.’

கீழே பெயர் எழுதினாள். ராசாங்கம் திட்டுவார். அழித்த ஆறு கேள்விகளையும் அந்தந்தப் பள்ளத்தின் மேலேயே மறுபடி எழுதினாள். நைந்த தாள் ஓரிடத்தில் கிழிந்தது.

மத்தியானம் மூன்று மணிக்கு மேனேஜர் அறைக்கு வெளியே போய் நின்றாள். திரும்பிப் போய்விடலாம். வயிற்றுவலி என்று பஸ் ஏறிவிடலாம். சாயங்காலம் இரண்டு நிமிஷத்தில் பிரித்துவிடலாம்.

“யாரது? உள்ள வாங்கம்மா. கொண்டாந்துட்டீங்களா?”

அவர் எழுந்தே கையை நீட்டி வாங்கினார். பட்டியலைப் பார்க்கவில்லை, வேறெதையும் பார்க்கவில்லை. நேரே மூன்றாம் பக்கத்தைத் திறந்தார். அங்கே அவருடைய கவிதை இருந்தது. நிலவைப் பற்றி. ராசாங்கம் ஓரத்தில் ஒரு தாமரையும் வரைந்திருந்தார். முதல் நாள் சாயங்காலம், அது யாருடையதென்று தெரியாமல், எதிர்ப்பக்கத்தில் வேம்பு இரண்டு வரி எழுதியிருந்தாள். ‘நிலவைப் பற்றிப் பன்னிரண்டு வரி இருக்கிறது. பார்த்தவர் எங்கே நின்று பார்த்தார் என்று ஒரு வரிகூட இல்லை.’

அவர் அதைப் படித்தார். காது சிவந்தது. இன்னொரு தடவை படித்தார். அதட்டுவார் என்று அவள் காத்திருந்தாள்.

“எங்கே நின்னேன்…” என்று தமக்குள் சொல்லிக்கொண்டார். “மாடியிலதான். துணி காயப்போட்டிருந்தது. அதை எழுதலாமோ?” நிமிர்ந்து பார்த்தார். “எவரோ தெரியலை, நியாயமாத்தான் கேட்டிருக்கார். எழுத்துகூட எங்கேயோ பார்த்த மாதிரி…”

“நான்தாங்க சார்.”

“நீங்களா!” உண்மையிலேயே சந்தோஷப்பட்டார். “பேசவே மாட்டீங்களே! உட்காருங்க, உட்காருங்க.”

அவள் உட்காரவில்லை. அந்தச் சந்தோஷம்தான் அவளுக்கு எல்லாவற்றையும்விடப் பயமாக இருந்தது. இப்போது சிரித்துவிட்டுப் போய்விடலாம். அவரே நிதானமாகப் படித்து, தானே கண்டுபிடித்து, பிறகு கூப்பிடட்டும்.

“இன்னொரு கதைக்கும் எழுதியிருக்கேங்க சார். பதினேழாம் பக்கம். அதையும் பாத்துருங்க.”

அவர் இன்னும் சிரித்தபடியே புரட்டினார். படிக்க ஆரம்பித்தார். முதல் பக்கத்தில் ஒன்றும் இல்லை. இரண்டாம் பக்கத்தில் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். மூன்றாம் பக்கத்தில் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். நின்றுகொண்டே மீதியைப் படித்தார். இடப்பக்கத்தைப் படிக்க வெகுநேரம் எடுத்துக்கொண்டார்.

“யார் எழுதின கதை?”

“சொல்லக் கூடாதுங்க சார்.”

“எத்தனை பேர் படிச்சிருக்கா?”

“கதைய, பதினோரு பேரு. நான் எழுதுனத நீங்கதான் மொதல்ல படிக்கிறீங்க.”

“அன்னிக்கு எங்கிட்ட கவனிக்கலைன்னீங்களே?”

“பயந்துட்டேன் சார்.”

“இப்போ?”

அவள் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். அவர் அந்தக் கையைப் பார்த்தார். அவர் முகத்தில் இருந்தது கோபமா, வேறெதாவதா என்று அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை. அவர் நெற்றியிலும் வேர்த்திருந்தது.

“அந்தப் பதிவேட்டைக் கொண்டாங்க” என்றார். “பிப்ரவரி மாசத்தை. இப்பவே.”

அவள் வெளியே வந்தாள். வராந்தா நீளமாக இருந்தது. எதற்குக் கேட்கிறார்? பார்க்கவா, கிழிக்கவா? நடக்க நடக்க அந்தக் கேள்வி ஒன்றுதான் மனசில் ஓடியது.

சோதனைக்கூடத்தில் அலமாரியின் மேல்தட்டில் பதிவேடு இருந்தது. ஸ்டூல் போட்டு எடுத்தாள். இருபத்துநான்காம் தேதியைத் திறந்தாள். அடித்த எண், அதன்மேல் புது எண், நேரம், அவள் கையெழுத்து. எல்லாம் இருந்தது.

பதிவேட்டை மார்போடு அணைத்துக்கொண்டு கதவு வரை போனாள். பிறகு திரும்பி வந்து உட்கார்ந்தாள். நகல் எடுக்க ஒரு வெள்ளைத் தாளை எடுத்தாள். பேனாவைத் திறந்தாள்.

“வேம்பு!” மேனேஜரே வராந்தாவுக்கு வந்து கூப்பிட்டார். “எவ்வளவு நேரம்?”

“இதோ வரேங்க சார்.”

முதல் வரியிலிருந்து பார்த்து எழுதினாள். சாம்பிள் எண், எடை, தொடக்க அளவு, முடிவு அளவு. மை ஓரிடத்தில் சிந்தியது. ஒற்றி எடுத்துவிட்டு எழுதினாள். வராந்தாவில் செருப்புச் சத்தம் கிளம்பி வந்துகொண்டிருந்தது. அவள் ஒவ்வோர் எண்ணையும் இரண்டுமுறை சரிபார்த்தாள்.